கறுப்பு கோட் வேண்டாம், சட்டம் தெரிந்தால் போதும்: எதில் சேர்வது?

கேள்வி:

வணக்கம் ஐயா. எனக்கு வயது 37. சொந்த ஊர் காவேரிப்பட்டினம். எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப் பணி முதுகலை) முடித்துவிட்டு ஓசூரில் வாகன உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் எச்.ஆர். பிரிவில் இருக்கிறேன். மெமோ கொடுப்பது, டொமஸ்டிக் என்கொயரி (கம்பெனிக்குள் நடக்கும் ஒழுங்கு விசாரணை) நடத்துவது, லேபர் ஆபீஸ் பேச்சுவார்த்தைக்குப் போவது, பெண்கள் புகாருக்கான உள்ளகக் குழு என்று எல்லாம் என் தலையில்தான். சட்டம் முறையாகப் படித்ததில்லை. நான் நடத்திய ஒரு என்கொயரி செல்லாது என்று லேபர் கோர்ட் சமீபத்தில் சொல்லிவிட்டது. அந்தக் கைகலப்பு நடந்தபோது நானும் அங்கே இருந்தேன். பிறகு நானே விசாரணை அதிகாரியாகவும் உட்கார்ந்தேன். அது தவறு என்று கம்பெனி வக்கீல் சொன்னபோதுதான் தெரிந்தது. தண்டனை உத்தரவுக்கு முன்னால் அறிக்கையின் நகலையும் அந்தத் தொழிலாளிக்குக் கொடுக்கவில்லை.

சட்டப் பட்டம் இல்லாதவர்களும் ஓராண்டில் ஆன்லைனிலேயே 'சட்ட முதுகலை' வாங்கலாம் என்று வெளிநாட்டுப் பல்கலைக்கழகப் பெயரோடு ஒரு விளம்பரம் பார்த்தேன். கட்டணம் அதிகம். தருமபுரி அரசு சட்டக் கல்லூரியில் பி.எல். சேரச் சொல்கிறார் கணவர். எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு கல்லூரியில் வகுப்புக்கே போகாமல் பி.எல். வாங்கிவிடலாம் என்கிறார் தோழி. வக்கீலாகும் எண்ணம் எனக்கு இல்லை. என் வேலையைத் தவறில்லாமல் செய்ய வேண்டும், அவ்வளவுதான். எதில் சேரட்டும்?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ஓசூர்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

தோழி சொன்ன வழியை இப்போதே மறந்துவிடுங்கள். விளம்பரத்தில் பார்த்த படிப்புக்கும் பணம் கட்ட வேண்டாம். கணவர் சொன்னது நல்ல படிப்புதான், ஆனால் நீங்கள் கேட்கும் தேவைக்கு அது இல்லை. நீங்கள் கேட்காத நான்காவது வழி ஒன்று இருக்கிறது. அது தொழிலாளர் சட்டத்தில் ஒரு பட்டயப் படிப்பு. என் யோசனை அதுதான்.

சட்டப் படிப்பு என்றதும் நம் ஊரில் எல்லாருக்கும் கோர்ட்டும் கறுப்பு கோட்டும்தான் நினைவுக்கு வரும். அது இயல்பு. 1961-ம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டப்படி, பார் கவுன்சிலில் பதிவு செய்தவர்தான் வக்கீலாகத் தொழில் செய்யலாம். பதிவு இல்லாமல் செய்தால் ஆறு மாதம் வரை சிறைத்தண்டனை உண்டு. அந்த உரிமை வேண்டுமென்றால் எல்எல்.பி., அதாவது நாம் இன்னும் பி.எல். என்று சொல்லும் பட்டம் கட்டாயம். ஆனால் சட்டம் தினமும் நடக்கும் இடங்களில் கோர்ட் கொஞ்சம்தான். ஒரு வி.ஏ.ஓ. எழுதும் அறிக்கை, வங்கி மேலாளர் அனுப்பும் நோட்டீஸ், மருத்துவமனை விபத்துப் பதிவேட்டில் டாக்டர் எழுதும் இரண்டு வரி எல்லாம் சட்டக் காரியங்களே. வயது குறைந்த பெண் பிரசவத்துக்கு வந்தால் போலீசுக்குத் தகவல் சொல்ல வேண்டிய கடமை போக்சோ சட்டத்தின் 19-வது பிரிவில் இருக்கிறது. குழந்தைத் திருமணங்கள் இன்னும் நடக்கும் நம் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் அந்தப் பிரிவை வக்கீலைவிட முதலில் தெரிந்திருக்க வேண்டியவர் பிரசவ வார்டு நர்ஸ். வழக்கு கோர்ட்டுக்கு வருவதற்கு ரொம்ப முன்பே, சட்டம் படிக்காத ஒருவர் எழுதிய தாளில் அதன் தலையெழுத்து பாதி முடிவாகிவிடுகிறது.

உங்கள் வேலையில் இது இன்னும் கூடுதல். நீங்கள் உட்காரும் அறைகள் பலவற்றில் வக்கீலுக்கு இடமே கிடையாது. லேபர் ஆபீசரின் சமரசப் பேச்சுவார்த்தையை எடுத்துக்கொள்ளுங்கள். 1947-ம் ஆண்டின் பழைய தொழில் தகராறு சட்டத்தின் 36-வது பிரிவு தொடங்கிவைத்தபடி அங்கே எந்தத் தரப்பும் வக்கீலை வைத்துப் பேச முடியாது. லேபர் கோர்ட்டில்கூட எதிர்த்தரப்பு சம்மதித்து, கோர்ட்டும் அனுமதித்தால்தான் வக்கீல் வரலாம். அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2025 நவம்பரில் வந்த புதிய தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பிலும் இந்த ஏற்பாடு தொடர்கிறது. வசதியுள்ள நிர்வாகம் பெரிய வக்கீலை நிறுத்தித் தொழிலாளியை நசுக்கிவிடக் கூடாது என்ற கவலைதான் இதற்குக் காரணம். அதனால்தான் அந்த மேசையில் கம்பெனிக்காக நீங்கள் உட்காருகிறீர்கள், எதிரே சங்கச் செயலாளர் உட்காருகிறார். அவருக்கும் சட்டப் பட்டம் இருக்காது, ஆனால் முப்பது வருட அனுபவம் இருக்கும்.

உள்ளகக் குழுவும் அப்படித்தான். 2013-ம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டத்தின் விதிகளில் 7-வது விதியைப் படித்துப் பாருங்கள். புகார் கொடுத்தவரும் சரி, புகாருக்கு ஆளானவரும் சரி, எந்தக் கட்டத்திலும் வக்கீலை அழைத்து வரக் கூடாது. அதே நேரத்தில் ஆட்களை வரவழைப்பது, சத்தியப் பிரமாணத்தில் விசாரிப்பது, ஆவணங்களைக் கொண்டுவரச் சொல்வது ஆகியவற்றில் ஒரு சிவில் கோர்ட்டுக்கு உள்ள அதிகாரத்தை 11-வது பிரிவு அந்தக் குழுவுக்குக் கொடுத்திருக்கிறது. 90 நாளில் விசாரணை முடிய வேண்டும். குழுவில் யார் இருக்கலாம் என்று சொல்லும் 4-வது பிரிவு, பெண்கள் நலனில் அக்கறை உள்ளவர்கள், சமூகப் பணியில் அனுபவம் உள்ளவர்கள் அல்லது சட்ட அறிவு உள்ளவர்கள் என்கிறது. பட்டத்தைக் கேட்கவில்லை, அறிவைக் கேட்கிறது. உங்கள் எம்.எஸ்.டபிள்யூ. ஏற்கெனவே அந்த வரியில் இருக்கிறது. மற்றதைச் சேர்த்துக்கொள்ள வேண்டியது நீங்கள்.

சேர்க்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2023 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொன்ன ஒரு தீர்ப்பு இருக்கிறது. அவுரேலியானோ பெர்னாண்டஸ் என்பவர் கோவா பல்கலைக்கழகத்தில் துறைத் தலைவராக இருந்தவர். அவர் மீது வந்த புகார்களைக் குழு அவசர அவசரமாக விசாரித்தது. தன் தரப்பைச் சொல்ல அவருக்குப் போதிய வாய்ப்பு கொடுக்கவில்லை. வேலைநீக்கம் கடைசியில் ரத்தாகி, விசாரணை மறுபடி குழுவிடமே திரும்பியது. பாதிக்கப்பட்ட பெண்களுக்கு நியாயம் செய்யும் பதற்றத்தில் குழு அவர்களுக்கே கூடுதல் கேடு செய்துவிட்டது என்று நீதிமன்றம் வருத்தப்பட்டது. புகார் 2009-ல் கொடுத்தது. நல்ல எண்ணம் மட்டும் இருந்து நடைமுறை தெரியாவிட்டால், அதற்கான விலையைப் புகார் கொடுத்த பெண்தான் கொடுக்கிறாள். அந்தக் குழு நாற்காலியில் உட்காரும் ஒவ்வொருவரும் இந்தத் தீர்ப்பை ஒரு தடவையாவது முழுசாகப் படிக்க வேண்டும் என்று மனதாரச் சொல்கிறேன்.

இப்போது உங்கள் என்கொயரிக்கு வருகிறேன். வேதனையோடு எழுதியிருக்கிறீர்கள். இதே தவறு அறுபது வருடத்துக்கு முன்பே உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. மீங்கிளாஸ் தேயிலைத் தோட்டம் என்ற வழக்கு, மேற்கு வங்கத்தில் நடந்தது, தீர்ப்பு 1963. மேலாளரையும் உதவி மேலாளர்களையும் தொழிலாளர்கள் தாக்கினார்கள் என்று குற்றச்சாட்டு. விசாரிக்க உட்கார்ந்ததும் அடிபட்டதாகச் சொல்லப்பட்ட அதே அதிகாரிகள்தான். சாட்சி யாரையும் தொழிலாளி முன்னால் விசாரிக்காமல், தொழிலாளியையே கேள்வி கேட்டு முடித்துவிட்டார்கள். குற்றம் சாட்டப்பட்டவர் முன்னிலையில் சாட்சி சொல்ல வேண்டும், குறுக்கு விசாரணைக்கு அவருக்கு வாய்ப்பு வேண்டும், கண்ணால் பார்த்தவர் சாட்சிக் கூண்டில்தான் இருக்க வேண்டுமே தவிர விசாரணை நாற்காலியில் அல்ல. இதையெல்லாம் விட்டால் என்கொயரி நிற்காது.

அறிக்கையின் நகல் விஷயம் 1993-ல் பி. கருணாகர் வழக்கில் முடிவானது. விசாரணை அதிகாரியும் தண்டனை கொடுப்பவரும் வேறு வேறு ஆட்கள் என்றால், தண்டனையை முடிவு செய்யும் முன்பே அறிக்கையைத் தொழிலாளிக்குக் கொடுத்து அவர் பதிலைக் கேட்க வேண்டும். அரசு, தனியார் என்ற பேதம் இல்லாமல் எல்லா நிறுவனங்களுக்கும் இது பொருந்தும் என்று அந்தத் தீர்ப்பே சொல்கிறது.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. என்கொயரி செல்லாது என்பதோடு நிர்வாகத்தின் கதை முடிந்துவிடாது. அந்தக் குற்றச்சாட்டை லேபர் கோர்ட்டிலேயே புதிதாகச் சாட்சி வைத்து நிரூபிக்க நிர்வாகத்துக்கு வாய்ப்பு உண்டு. ஃபயர்ஸ்டோன் வழக்கில் 1973-லேயே இது உறுதியானது. ஆனால் அந்த வாய்ப்பைத் தொடக்கத்திலேயே, எதிர்வாதப் பத்திரத்திலேயே கேட்டு வைத்திருக்க வேண்டும் என்று 2001-ல் லட்சுமிதேவம்மா வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு சொன்னது. உங்கள் கம்பெனியின் எதிர்வாதப் பத்திரத்தில் அந்த வரி இருக்கிறதா என்று நாளைக்கே வக்கீலிடம் கேளுங்கள். இருந்தால், அன்று நேரில் பார்த்த நீங்கள் இந்த முறை சாட்சியாகப் போகலாம். உங்களுக்கு உரிய இடம் அதுதான்.

வக்கீலிடம் சரியான கேள்வியைச் சரியான நேரத்தில் கேட்பது. உங்களைப் போன்றவர்களுக்கான சட்டப் படிப்பு தர வேண்டியது இதைத்தான். கூடவே, இந்தத் தாளில் நான் கையெழுத்துப் போடலாமா, இந்த நாற்காலியில் நான் உட்காரலாமா என்று கை தானாகத் தயங்கும் ஒரு பழக்கம். இது வந்துவிட்டால் போதும். வக்கீல் செய்ய வேண்டிய வேலையை நீங்கள் செய்ய வேண்டியதில்லை.

இன்னொரு விஷயத்தையும் சொல்லியாக வேண்டும், பி.எல். படித்த எச்.ஆர். அலுவலர்களே சிலர் இதைக் கவனிப்பதில்லை. டொமஸ்டிக் என்கொயரியில் வக்கீல் வைத்துக்கொள்ளும் உரிமை தொழிலாளிக்குப் பொதுவாகக் கிடையாது. ஆனால் நிர்வாகத் தரப்பில் குற்றச்சாட்டை எடுத்துவைக்கும் அதிகாரி சட்டம் படித்தவராக இருந்தால் நிலைமை மாறிவிடும். பம்பாய் துறைமுகத்தில் திலீப்குமார் நாட்கர்னி என்ற ஊழியர் மீது விசாரணை நடந்தபோது நிர்வாகத்துக்காக அதன் சட்ட ஆலோசகர்களே வாதிட்டார்கள், அவருக்கு மட்டும் வக்கீல் மறுக்கப்பட்டது. அது இயற்கை நீதிக்கு விரோதம் என்று 1983-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதனால் சட்டப் பட்டம் வாங்கியபின் நீங்கள் அந்த அறையில் எந்த இடத்தில் உட்காருகிறீர்கள் என்பதை யோசித்துத்தான் முடிவு செய்ய வேண்டும். எதிரில் இருப்பவர் எட்டாவது வரை படித்த காஸ்டிங் தொழிலாளியாக இருந்தால் சட்டம் அவர் பக்கம்தான் சாயும், சாயவும் வேண்டும்.

சரி, படிப்புகளுக்கு வருவோம்.

தருமபுரியில் 2017-ல் அரசு சட்டக் கல்லூரி வந்தது நமக்குப் பெரிய வரம். அதற்கு முன் அரசு சட்டக் கல்லூரி என்றால் இங்கிருந்து சென்னைக்கோ கோவைக்கோ வேலூருக்கோ போக வேண்டியிருந்தது. பிறகு சேலத்திலும் நாமக்கல்லிலும் அரசு சட்டக் கல்லூரிகள் வந்தன. மூன்றாண்டு எல்எல்.பி.க்கு ஏதாவது ஒரு பட்டமும், பொதுப் பிரிவுக்கு 45 சதவீத மதிப்பெண்ணும் வேண்டும் என்பது பார் கவுன்சிலின் 2008-ம் ஆண்டு விதி. மற்ற பிரிவுகளுக்குத் தளர்வு உண்டு. பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ, அப்புறம் பட்டம் என்று வரிசையாகப் படித்திருக்க வேண்டும். 37 வயது ஒரு தடையே இல்லை. பேரப்பிள்ளை எடுத்தவர்கள் எல்லாம் படிக்கிறார்கள். தடை வேறு. இது முழுநேரப் படிப்பு. ஒவ்வொரு பாடத்துக்கும் 70 சதவீத வருகை வேண்டும். மாலை நேரக் கல்லூரி, தபால் வழி எல்எல்.பி. எதுவும் கிடையாது. ஓசூர் ஷிஃப்டை முடித்துவிட்டுத் தருமபுரிக்கு ஓடி வந்து படிக்க முடியாது. வேலையை விட வேண்டும். மூன்று வருடச் சம்பளத்தை விட்டு வாங்கும் உரிமையைப் பயன்படுத்தப் போவதில்லை என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். பதிவு செய்த வக்கீல் முழுநேரச் சம்பள வேலையில் இருக்கவும் கூடாது. உங்களுக்கு வேண்டிய பலனுக்கு இந்த விலை அதிகம். பிள்ளைகள் வளர்ந்தபின், வேலையை விட்டுவிட்டுத் தொழிலாளர் வழக்குகள் நடத்த வேண்டும் என்று ஒருநாள் தோன்றினால், அன்றைக்குத் தருமபுரிக்குப் போங்கள். அப்போது உங்களைப் போல நல்ல மாணவி அந்த வகுப்பில் இருக்க மாட்டார்.

வேலையை விடாமல் அதே பட்டத்தை வாங்க எல்லைக்கு அந்தப் பக்கம் வழி இருக்கிறது என்று தோழி சொல்வதை நானும் நிறைய கேட்டிருக்கிறேன். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் நமக்கு இரண்டு மாநில எல்லை பக்கத்திலேயே இருப்பதால் ஏஜென்ட்டுகளுக்கு வசதி. பணத்தைக் கட்டுங்கள், தேர்வுக்கு மட்டும் வாருங்கள் என்பார்கள். நீங்கள் ஓசூரில் பஞ்ச் வைத்த அதே நாளில் அங்கே வகுப்பில் இருந்ததாக ஒரு பதிவேடு சொல்லும். அது பொய் ஆவணம். 2024 செப்டம்பரில் பார் கவுன்சில் எல்லா சட்டக் கல்லூரிகளுக்கும் அனுப்பிய சுற்றறிக்கையில், படிக்கும் காலத்தில் வேலையில் இருந்தாரா, வேறு படிப்பில் இருந்தாரா, வருகை சரியா என்றெல்லாம் மாணவர் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று வந்துவிட்டது. போலி மருத்துவச் சான்று கொடுத்த தொழிலாளி மீது நீங்கள் சார்ஜ் ஷீட் போடுகிறவர். உங்கள் கையில் இப்படி ஒரு பட்டம் இருக்கக் கூடாது. கோபத்தில் சொல்லவில்லை, உங்கள் மேல் உள்ள அக்கறையில் சொல்கிறேன்.

விளம்பரத்தில் பார்த்த 'சட்ட முதுகலை' பற்றி. அமெரிக்காவில் சட்டப் பள்ளிகளே இப்படி ஒரு படிப்பை நடத்துகின்றன. மாஸ்டர் ஆஃப் லீகல் ஸ்டடீஸ், மாஸ்டர் ஆஃப் ஸ்டடீஸ் இன் லா என்று பெயர்கள் இருக்கும். யேல் சட்டப் பள்ளி ஓராண்டுப் படிப்பாக இதை நடத்துகிறது. மருத்துவமனை நிர்வாகிகள், பொறியாளர்கள், பத்திரிகையாளர்கள், எச்.ஆர். ஆட்கள் சேர்கிறார்கள். இதைப் படித்து வக்கீல் ஆக முடியாது என்று அந்தப் பள்ளிகளே வெளிப்படையாகச் சொல்லிவிடும். அந்த ஊரில் அது நேர்மையான, பயனுள்ள படிப்பு. ஆனால் அதில் கற்பது அந்த நாட்டின் வேலைச் சட்டம். நிர்வாகம் நினைத்த நாளில் ஆளை வீட்டுக்கு அனுப்பலாம் என்பதை அடிப்படையாகக் கொண்ட சட்டத்தைப் படித்து, ஓசூர் சிப்காட்டில் ஒரு சஸ்பென்ஷன் உத்தரவு எழுத முடியுமா? நம் நாட்டில் எல்எல்.எம்., அதாவது பழைய எம்.எல்., எல்எல்.பி. முடித்தவர்களுக்கான படிப்பு. பட்டமே இல்லாமல் நேராக எல்எல்.எம். என்று யாராவது சொன்னால் அங்கேயே நின்று கேள்வி கேளுங்கள். வெளிநாட்டு ஆன்லைன் பட்டத்துக்கு இங்கே சமநிலை கிடைக்குமா, இந்தியப் பல்கலைக்கழகம் என்றால் அந்தப் படிப்பைத் தொலைதூரத்திலோ ஆன்லைனிலோ நடத்த யு.ஜி.சி. அனுமதி இருக்கிறதா என்று பார்க்காமல் ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள். யு.ஜி.சி.யின் தொலைதூரக் கல்விப் பிரிவின் இணையதளத்தில் பட்டியல் இருக்கிறது.

உங்களுக்குப் பொருந்தும் இடம் சென்னை அம்பத்தூரில் இருக்கும் தமிழ்நாடு தொழிலாளர் கல்வி நிலையம். தொழிலாளர் துறையின் கீழ் நடக்கும் அரசு நிறுவனம். தொழிலாளர் நிர்வாகத்தில் முதுநிலைப் பட்டயம் மாலை நேர வகுப்பாகவும், தொழிலாளர் சட்டங்களும் நிர்வாகவியல் சட்டமும் சேர்ந்த பட்டயம் வார இறுதி வகுப்பாகவும் அங்கே உண்டு. மாலை நேரம் உங்களுக்கு ஆகாது. வார இறுதிப் படிப்பைத்தான் நான் சொல்கிறேன். கஷ்டம் இருக்கிறது, மறைக்கவில்லை. ஓசூரிலிருந்து அம்பத்தூர் கிட்டத்தட்ட முந்நூறு கிலோமீட்டர். கிருஷ்ணகிரி வழியாக ரயிலும் இல்லை. வாராவாரம் பஸ்தான், அதுவும் வீட்டில் ஒத்துழைப்பு இருந்தால்தான். ஆனால் பக்கத்து பெஞ்சில் வேறு தொழிற்சாலை எச்.ஆர். ஆட்களும் சங்கத்துக்காரர்களும் உட்கார்ந்திருப்பார்கள். சட்டத்தை எதிர்த்தரப்பின் வாயிலிருந்தே கேட்கும் வாய்ப்பு எந்த ஆன்லைன் வகுப்பிலும் கிடைக்காது.

அது முடியவே முடியாது என்றால் தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் முதுநிலைப் பட்டயங்களைப் பாருங்கள். சட்டம் படிக்காத பட்டதாரிகளும் சேரலாம். தொழிலாளர் சட்டத்துக்கு இந்த ஆண்டு சேர்க்கை இருக்கிறதா என்று அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் பெங்களூரு. ஓசூர்க்காரர்களுக்குச் சுமார் ஐம்பது கிலோமீட்டரில் நாகரபாவி தேசிய சட்டப் பள்ளி இருக்கிறது என்பதை நாம் நினைத்துப் பார்ப்பதே இல்லை. வேலையில் இருப்பவர்களுக்காக எந்தப் பட்டதாரியும் சேரக்கூடிய தொலைதூரப் படிப்புகளை அது நீண்ட காலமாக நடத்துகிறது. வணிகச் சட்டத்தில் இரண்டாண்டு முதுகலை ஒன்று. மருத்துவச் சட்டம், குழந்தைகள் உரிமை, சுற்றுச்சூழல், நுகர்வோர் சட்டம் போன்றவற்றில் ஓராண்டு முதுநிலைப் பட்டயங்களும் உண்டு. இதைப் படிக்கும் டாக்டர்கள், சமூகநலத் துறைக்காரர்கள் இருந்தால், உங்களுக்கு இதுதான் நல்ல இடம். சகோதரிக்கு அந்த வணிகச் சட்ட முதுகலை இப்போது வேண்டாம். ஒப்பந்தம், கம்பெனிச் சட்டம் என்று போகும். நாளைக்கு நிறுவனம் முழுவதற்கும் சட்ட இணக்கத்தைப் பார்க்கும் பொறுப்புக்கு நீங்கள் உயர்ந்தால் அப்போது படிக்கலாம்.

பழைய தலைமுறையில் பி.ஜி.எல். (பொதுச் சட்ட இளங்கலை) என்று ஒரு பட்டம் தபாலில் படித்தார்கள். வக்கீலாக முடியாது என்று தெரிந்தே படித்தார்கள். அப்படிப் படித்த தாலுகா அலுவலகக் கண்காணிப்பாளர் ஒருவரின் கோப்புகளை வழக்கு ஒன்றில் பார்த்திருக்கிறேன். எந்த உத்தரவிலும் காரணம் எழுதாமல் அவர் கையெழுத்துப் போட்டதில்லை. எதிர்த்தரப்பு வக்கீலாக அந்தக் கோப்பை உடைக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

எந்தப் படிப்பில் சேர்வதானாலும் ஒன்றைக் கேட்டுவிட்டுச் சேருங்கள்: பாடத்திட்டம் மாறிவிட்டதா? நீங்கள் எம்.எஸ்.டபிள்யூ.வில் படித்த தொழில் தகராறு சட்டம், தொழிற்சாலைகள் சட்டம், ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் உட்பட 29 மத்தியச் சட்டங்களை நான்கு தொகுப்புகளாக்கி, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். சம்பளம் என்பதற்கான விளக்கமே மாறிவிட்டது. அலவன்ஸ்கள் மொத்தத்தில் பாதிக்கு மேல் போனால் கூடுதல் பகுதியும் சம்பளக் கணக்கில் சேரும். பி.எஃப்., கிராஜுவிட்டி எல்லாம் அதன்படி மாறும். குறிப்பிட்ட காலத்துக்கு எடுத்த ஊழியருக்கு ஒரு வருடத்திலேயே கிராஜுவிட்டி உண்டு. வேலையை விட்டவருக்கு இரண்டு வேலை நாளில் கணக்கு முடிக்க வேண்டும். நலவாழ்வு அலுவலர் வைக்க வேண்டிய வரம்பு 500 தொழிலாளரிலிருந்து 250-க்கு இறங்கியிருக்கிறது. இதைச் சொல்லித் தராமல் பழைய புத்தகத்தையே அச்சடித்து அனுப்பும் படிப்பு உங்களுக்கு வீண். அதற்காகப் பழைய தீர்ப்புகளைத் தள்ளிவிடவும் முடியாது. மீங்கிளாஸ் சொன்ன நியாயம் எந்தத் தொகுப்பு வந்தாலும் மாறாது. பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் இந்தத் தொகுப்புகளுக்கு வெளியே தனியாக, அப்படியே இருக்கிறது.

சேர்க்கை வரும்வரை சும்மா இருக்க வேண்டாம். அரசின் இந்தியா கோட் தளத்தில் எல்லா மத்தியச் சட்டங்களும் இலவசம். உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் இ-எஸ்.சி.ஆர். தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன, பல தீர்ப்புகளுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பும் இருக்கிறது. கைடு வாங்காதீர்கள், பேர் ஆக்ட் (சட்டத்தின் மூல வாசகம் மட்டும் உள்ள புத்தகம்) வாங்குங்கள். ஒரு பிரிவைப் படித்ததும் அதில் வரும் ஒவ்வொரு சொல்லுக்கும் விளக்கப் பிரிவில் என்ன பொருள் கொடுத்திருக்கிறார்கள் என்று திருப்பிப் பாருங்கள். 'தொழிலாளி' யார், 'நிர்வாகம்' யார் என்பதிலேயே பாதி வழக்குகள் முடிந்துவிடும். அப்புறம் உங்கள் கம்பெனியின் நிலையாணைகள், அதாவது வேலை நிபந்தனைகளும் ஒழுங்கு விதிகளும் அடங்கிய ஸ்டாண்டிங் ஆர்டர்ஸ். அதை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வாசித்த எச்.ஆர். அலுவலர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. உங்கள் ஒழுங்கு நடவடிக்கைகள் எல்லாம் நிற்பது அதன் மேல்தான்.

கட்டணத்தை உங்கள் கையிலிருந்து கட்ட வேண்டாம். ஒரு என்கொயரி செல்லாமல் போனதால் கம்பெனிக்கு ஆகும் செலவு, பின்சம்பளம் உட்பட, உங்கள் மேலாளருக்கு இப்போது நன்றாகத் தெரிந்திருக்கும். இந்த நேரத்தில் கேட்டால்தான் கிடைக்கும். படிப்புக் கட்டணம், சனிக்கிழமை விடுப்பு, தேர்வு நாட்களுக்கு விடுப்பு மூன்றையும் ஒரே கடிதத்தில் கேளுங்கள். பதிலைக் கடிதமாக வாங்குங்கள். படித்து முடித்தபின் இத்தனை வருடம் இங்கேயே இருக்க வேண்டும் என்று பாண்ட் நீட்டினால், எத்தனை வருடம், விலகினால் எவ்வளவு திருப்பிக் கட்ட வேண்டும் என்ற இரண்டு வரியையும் படித்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். சந்தேகம் இருந்தால் அந்தத் தாளை எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.